இரங்கல் அறிக்கை யாரிடம் பேசுகிறது?

2016 நவம்பர் 25 இரவு, ஃபிடல் காஸ்ட்ரோ இறந்துவிட்டதாக அவருடைய தம்பி ரவுல் காஸ்ட்ரோ கியூபத் தொலைக்காட்சியில் அறிவித்தார். மறுநாள் இருட்டுவதற்குள் உலகத் தலைநகரங்களிலிருந்து அறிக்கைகள் வந்து குவிந்தன. ரஷ்ய அதிபர் புதின் அவரை ஒரு சகாப்தத்தின் சின்னம் என்றார். இருபதாம் நூற்றாண்டின் பெரும் ஆளுமைகளில் ஒருவர் என்றும், இந்தியா ஒரு சிறந்த நண்பரை இழந்து வருந்துகிறது என்றும் பிரதமர் மோடி எழுதினார். தேர்தலில் வென்று பதவியேற்கக் காத்திருந்த டிரம்ப், தன் மக்களையே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் ஒடுக்கிய கொடூரச் சர்வாதிகாரி என்றார். நம்மூர் கம்யூனிஸ்ட் தோழர்கள் செவ்வணக்கம் செலுத்தினார்கள். இவற்றையெல்லாம் காஸ்ட்ரோவைப் பற்றிய மதிப்பீடுகள் என்று எடுத்துக்கொண்டால் தலை சுற்றும். ஒரு மனிதர் இத்தனை பேராக இருந்திருக்க முடியாது. ஆனால் இவற்றுள் எதுவும் முதன்மையாக காஸ்ட்ரோவைப் பற்றியதே அல்ல. அரசியல்வாதியின் இரங்கல் அறிக்கை இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பாக எழுதப்படுவதில்லை. அது உயிரோடு இருக்கும் யாரிடமோ சொல்லப்படுவது: ஒரு அண்டை நாட்டு அரசிடம், ஒரு வாக்கு வங்கியிடம், கூட்டணிக் கட்சியிடம், சில நேரம் சொந்தக் கட்சியின் அதிருப்தியாளர்களிடம். ஆகவே அதை எடைபோடும்போது, இறந்தவரைப் பற்றிச் சரியாகச் சொன்னாரா என்பது இரண்டாவது கேள்விதான். யாரை நினைத்துப் பேசினார், யாரை மறந்துவிட்டதுபோல் நடந்துகொண்டார் என்பதே முதல் கேள்வி.

இதற்கு அன்றைய அமெரிக்க அதிபர் ஒபாமாவின் அறிக்கையை விட நல்ல பாடம் கிடைக்காது. காஸ்ட்ரோ மறைந்த இந்த வேளையில் கியூப மக்களை நோக்கி நட்புக் கரம் நீட்டுகிறோம் என்று அது தொடங்குகிறது. இறந்தவர் காஸ்ட்ரோ, கரம் நீட்டப்படுவது மக்களை நோக்கி. அடுத்து, கியூபாவிலும் அமெரிக்காவிலும் உள்ள கியூபர்கள் இந்தத் தருணத்தில் ஆழ்ந்த உணர்ச்சிகளுக்கு ஆளாகியிருப்பார்கள் என்கிறது. ஹவானாவில் அழுகிறவரும் மயாமி தெருவில் பாத்திரத்தைத் தட்டிக் கொண்டாடுகிறவரும் ஒரே வாக்கியத்துக்குள் அடங்கிவிடுகிறார்கள். உணர்ச்சி எது என்று சொல்லாததால் இருவரும் அதைத் தம்முடையது என்று நினைத்துக்கொள்ளலாம். தனிமனிதர்களின் வாழ்க்கையையும் குடும்பங்களையும் நாட்டையும் அவர் எண்ணற்ற வழிகளில் மாற்றினார் என்பது அதற்கடுத்தது. நல்லதாக மாற்றினாரா, கெட்டதாகவா? சொல்லவில்லை. முதல் பத்தியின் முடிவில், இந்தத் தனித்துவமான மனிதர் தன்னைச் சுற்றியிருந்தவர்கள் மீதும் உலகின் மீதும் ஏற்படுத்திய பெரும் தாக்கத்தை வரலாறு பதிவுசெய்து தீர்ப்பளிக்கும் என்கிறார். இரங்கல் என்ற சொல் குடும்பத்தாருக்கு மட்டும் தனியே எடுத்துவைக்கப்படுகிறது. ஓராண்டுக்கு முன்புதான் இரு நாடுகளும் தூதரக உறவைப் புதுப்பித்திருந்தன. 2016 மார்ச்சில் ஒபாமாவே ஹவானா போய் வந்திருந்தார். போட்ட பாலம் இடியாமல் இருக்க வேண்டும், உள்நாட்டில் கியூப அகதிகளும் கொதிக்கக் கூடாது. அந்த இரண்டு நோக்கங்களையும் அறிக்கை நிறைவேற்றியது. எழுத்துத் திறமை என்ற அளவில் பாராட்டத்தான் வேண்டும். ஆனால் காஸ்ட்ரோவின் சிறைகளில் ஆண்டுக்கணக்கில் கிடந்தவருக்கும் அதில் ஒரு சொல் இல்லை, அவருடைய எழுத்தறிவு இயக்கத்தில் படிக்கக் கற்றவருக்கும் ஒரு சொல் இல்லை. தீர்ப்பை வரலாற்றிடம் தள்ளிவிடும் அந்த வாக்கியத்தில் ஒரு வேடிக்கையும் உண்டு. மொன்காடா ராணுவ முகாம் தாக்குதலுக்காக 1953இல் கூண்டில் நின்றபோது, வரலாறு என்னை விடுவிக்கும் என்று வாதாடியவர் இதே காஸ்ட்ரோ. குற்றம் சாட்டப்பட்டவரும், தீர்ப்புச் சொல்ல விரும்பாதவரும் ஒரே நீதிமன்றத்தின் படியேறியிருக்கிறார்கள்.

அதே நாளில் கனடாப் பிரதமர் ஜஸ்டின் ட்ரூடோ மாட்டிக்கொண்டார். ஆழ்ந்த துயரத்துடன் செய்தியை அறிந்ததாகத் தொடங்கிய அவர், ஏறக்குறைய அரை நூற்றாண்டு தன் மக்களுக்குத் தொண்டாற்றிய மாபெரும் தலைவர், புகழ்பெற்ற புரட்சியாளர், பேச்சாளர் என்று அடுக்கினார். சர்ச்சைக்குரியவர் என்றாலும், கியூப மக்கள் மீது அவர் வைத்திருந்த அன்பையும் அர்ப்பணிப்பையும் ஆதரவாளர்களும் எதிர்ப்பாளர்களும் ஒருசேர ஏற்றுக்கொண்டார்கள் என்றார். தன் தந்தை காஸ்ட்ரோவை நண்பர் என்று சொல்லிக்கொள்வதில் பெருமைப்பட்டவர் என்றும் சேர்த்துக்கொண்டார். அது உண்மைதான். பியர் ட்ரூடோ 1976இல் கியூபா போனவர். 2000இல் அவருடைய இறுதிச் சடங்குக்கு காஸ்ட்ரோ நேரில் வந்தார். இந்த அறிக்கையை வைத்து உலகம் முழுவதும் கேலி பிறந்தது. வரலாற்றின் கொடுங்கோலர்கள் ஒவ்வொருவருக்கும் ட்ரூடோ நடையில் இரங்கல் எழுதி ஆளாளுக்குப் பரப்பினார்கள். மறுநாள் மடகாஸ்கரில் செய்தியாளர்கள் காஸ்ட்ரோ சர்வாதிகாரியா என்று கேட்டபோது, ஆம் என்று ஒப்புக்கொண்டார். அவர் செய்த பிழை இரங்கல் தெரிவித்தது அல்ல. அது ஒரு நாட்டின் பிரதமர் செய்ய வேண்டியதுதான். எதிர்ப்பாளர்களின் வாயில் தான் ஒரு சொல்லை வைத்ததே பிழை. காஸ்ட்ரோவின் அன்பை அவரால் நாடு கடந்தவர்களும் ஏற்றுக்கொண்டார்கள் என்று ஒட்டாவாவில் உட்கார்ந்துகொண்டு அவர்கள் சார்பில் யாரும் கையெழுத்துப் போட முடியாது. நான் கைக்கொள்ளும் அளவுகோல் இங்கிருந்து வருகிறது: பாதிக்கப்பட்ட குடும்பத்தின் வீட்டு முற்றத்தில் நின்று உரக்க வாசித்தால் அந்த வாக்கியம் பொய்யாகுமா, ஆகாதா? ஒபாமாவின் அறிக்கை சலிப்பூட்டும், பொய்யாகாது. ட்ரூடோவுடையது பொய்யாகிவிடும்.

ட்ரூடோ பயன்படுத்திய ‘சர்ச்சைக்குரியவர்’ என்ற அடைமொழியைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். அன்றைய பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் போரிஸ் ஜான்சனும் காஸ்ட்ரோவுக்கு அதையே கொடுத்தார். நம் பத்திரிகைகளுக்கும் இது கைவந்த சொல். யாரோ சிலர் இவரைத் திட்டுகிறார்கள், யாரோ சிலர் புகழ்கிறார்கள் என்பதைத் தவிர இது வேறொன்றும் சொல்வதில்லை. அவர் என்ன செய்தார் என்ற கேள்வியை, அவரைப் பற்றி ஊர் என்ன பேசுகிறது என்ற கேள்வியாக மாற்றிவிடுகிறது. சகாப்தம், தாக்கம், ஆளுமை, மாபெரும் என்ற சொற்களும் இதே இனம்; அளவு உண்டு, திசை கிடையாது. பெரிய மழைக்கும் பெரிய வெள்ளத்துக்கும் ஒரே பாராட்டுப் பத்திரம் கொடுப்பதுபோல. ஐரோப்பிய ஆணையத் தலைவர் யுங்கர் இன்னும் ஒரு படி மேலே போய், பலருக்கு நாயகனாக இருந்த ஒருவரை உலகம் இழந்துவிட்டது என்றார். ‘பலருக்கு’ என்று போட்டுவிட்டால் தனக்கு அவர் நாயகனா என்ற கேள்வியிலிருந்து தப்பித்துக்கொள்ளலாம்.

இதெல்லாம் காஸ்ட்ரோ போன்ற எதிர்முகாம் தலைவர்களுக்கு மட்டும் நடக்கும் சங்கடம் என்று நினைத்துவிடக் கூடாது. நண்பர்களுக்கு எழுதும்போதுதான் வழுக்கல் அதிகம். 2015 ஜனவரி 23இல் சவூதி மன்னர் அப்துல்லா இறந்தபோது பிரிட்டிஷ் அரசுக் கட்டடங்களில் கொடி அரைக்கம்பத்தில் பறந்தது. அதற்கு இரண்டு வாரம் முன்புதான், ஜனவரி 9இல், வலைப்பதிவு எழுதிய குற்றத்துக்காக ரயீஃப் பதாவிக்கு ஜித்தாவில் மக்கள் பார்க்க முதல் ஐம்பது கசையடிகள் கொடுக்கப்பட்டிருந்தன. பன்னாட்டு நிதியத்தின் தலைவர் கிறிஸ்டீன் லகார்ட், மன்னர் மிகவும் அடக்கமான முறையில் பெண்களுக்காக வலுவாக வாதாடியவர் என்று புகழ்ந்தார். அப்போது பெண்கள் கார் ஓட்ட அனுமதி இல்லாதிருந்த நாட்டின் மன்னருக்கு இந்தப் புகழ்! அடக்கமான முறையில் என்ற சொல் இல்லாவிட்டால் அந்த வாக்கியம் நிற்காது. எதிரி இறந்தால் குற்றப்பட்டியல், கூட்டாளி இறந்தால் சீர்திருத்தவாதி என்ற இந்தக் கணக்கைப் பார்த்தால், சொற்களைத் தீர்மானிப்பது இறந்தவரின் நடத்தை அல்ல, எழுதுகிறவரின் வணிக, ராணுவ உறவுகள்தான் என்பது விளங்கும்.

நம் துணைக்கண்டத்தில் இந்தக் கலை வேறு ஒரு நுட்பத்தை வளர்த்திருக்கிறது: புகழ்ந்துகொண்டே எல்லை குறிப்பது. 1948 ஜனவரி 30இல் காந்தி கொல்லப்பட்டதும் ஜின்னா விடுத்த செய்தி, இந்து சமூகம் தந்த மாபெரும் மனிதர்களில் ஒருவர் என்றும், அந்தச் சமூகத்தின் முழு நம்பிக்கையையும் மரியாதையையும் பெற்ற தலைவர் என்றும் காந்தியைச் சொன்னது. முஸ்லிம்களின் உயிரைக் காக்க உண்ணாவிரதம் இருந்து, அதற்காகவே ஒரு இந்துவின் கையால் குண்டடிபட்டு இறந்தவரை இந்து சமூகத்துக்குள்ளேயே நிறுத்திய அந்தச் சொல்லை இந்தியாவில் பலர் மன்னிக்கவில்லை. ஆனால் ஜின்னாவின் அரசியல் முழுவதும் அந்த ஒரு சொல்லில்தான் நின்றுகொண்டிருந்தது. காந்தி எல்லோருக்கும் தலைவர் என்று ஒப்புக்கொண்டால் பாகிஸ்தான் எதற்கு? 2012 நவம்பரில் பால் தாக்கரே இறந்தபோது பிரதமர் மன்மோகன் சிங், மகாராஷ்டிர அரசியலில் தனித்த இடம் பெற்றவர், மாநிலத்தின் நலனை முக்கியமாகக் கருதியவர், அதன் மக்களிடம் பெருமித உணர்வை ஊட்ட முயன்றவர் என்று எழுதினார். ஒவ்வொரு புகழுரையும் மகாராஷ்டிர எல்லைக்குள் நிற்பதைக் கவனியுங்கள். அந்தப் பெருமித உணர்வுக்கு 1960களின் பம்பாயில் முதலில் விலை கொடுத்தவர்கள் தமிழர் உள்ளிட்ட தென்னிந்தியர்கள். 1992-93 கலவரங்களில் தாக்கரேயின் பங்கை ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பெயர் சொல்லியே பதிவுசெய்திருக்கிறது. 2016 டிசம்பரில் ஜெயலலிதா மறைந்தபோது கருணாநிதி வெளியிட்ட அறிக்கையும் இந்த வகையே: கருத்து மாறுபாடுகள் இருந்தாலும் அவர் தம் கட்சியின் நலன்களுக்காகத் துணிச்சலோடு செயல்பட்டார் என்பதில் மாறுபாடு இருக்க முடியாது. கட்சியின் நலன் என்றார், மாநிலத்தின் நலன் என்று சொல்லவில்லை. ஜின்னா, மன்மோகன், கருணாநிதி மூவரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். எந்த வாக்கியத்தையும் பொய் என்று தள்ள முடியாது. எதையும் முழு மனதோடு சொன்னதாகவும் கொள்ள முடியாது.

மூவரையும் விட மேலாக நான் வைப்பது, ஜின்னா இறந்தபோது நேரு சொன்னதை. ஜின்னா 1948 செப்டம்பர் 11இல் இறந்தார். பிரிவினையின் ரத்தம் காயவில்லை, காஷ்மீரில் போர், இரண்டு நாளில் இந்தியப் படை ஐதராபாத்துக்குள் நுழையப்போகிறது. அந்தச் சூழலிலும் தலைமை ஆளுநராக இருந்த ராஜாஜி அன்றைய அரசு வரவேற்பு நிகழ்ச்சியை ரத்து செய்தார். நேருவோ, கடந்த ஆண்டுகளில் அவர் மீது அடிக்கடி கோபம் கொண்டிருந்தேன், இப்போது கசப்பு இல்லை, நடந்ததையெல்லாம் நினைத்துப் பெரும் துயரம் மட்டுமே இருக்கிறது என்றார். அதோடு விடவில்லை. நினைத்ததை ஜின்னா அடைந்தார், ஆனால் என்ன விலைக்கு, தான் கற்பனை செய்ததிலிருந்து எவ்வளவு மாறுபட்ட ஒன்றை என்றும் சொன்னார். கோபத்தை ஒளிக்கவில்லை, இறந்தவரின் வெற்றியை மறுக்கவில்லை, அந்த வெற்றிக்கு மாண்டவர்களையும் விட்டுவிடவில்லை. வீடிழந்து எல்லை கடந்து வந்த ஒரு குடும்பத்தின் முன் வாசித்தாலும் அந்த வார்த்தைகள் நிற்கும்.

அரசுகளுக்குத் தனிமனிதரைப்போல் மனம் திறக்க முடியுமா, ராஜதந்திரத்துக்கு என்று ஒரு மரபு இருக்கிறதே என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால் அந்த மரபுக்குள்ளேயே பொய் சொல்லாமல் இருக்க இடம் உண்டு என்பதற்கு அமெரிக்கக் கோப்புகளே சாட்சி. 1953 மார்ச் 5இல் ஸ்டாலின் இறந்தபோது கொரியாவில் போர் நடந்துகொண்டிருந்தது. ஐசனோவர் அரசு, சோவியத் அரசுக்குத் தன் ‘அதிகாரபூர்வ’ இரங்கலைத் தெரிவித்துக்கொள்வதாக ஒரு வரி வெளியிட்டு நிறுத்திக்கொண்டது. துயரம், அதிர்ச்சி, வேதனை எதுவும் இல்லை. 2024 மே 19இல் ஈரான் அதிபர் ரயீசி ஹெலிகாப்டர் விபத்தில் இறந்தபோதும் அமெரிக்க வெளியுறவுத் துறை அதே அடைமொழியைத்தான் எடுத்தது: அதிகாரபூர்வ இரங்கல். அடுத்த வாக்கியமே, மனித உரிமைகளுக்கும் அடிப்படைச் சுதந்திரங்களுக்கும் போராடும் ஈரான் மக்களுக்கு ஆதரவு என்று போனது. 71 ஆண்டு இடைவெளியில் ஒரே சொல். இதயத்திலிருந்து வரவில்லை, அலுவலகத்திலிருந்துதான் வருகிறது என்று அந்தச் சொல்லே அறிவித்துவிடுகிறது. (ஸ்டாலின் இறந்த அதே வாரத்தில்தான் கருணாநிதி, அவருக்கு நடந்த இரங்கல் கூட்டத்தில் தன் மகனுக்கு அந்தப் பெயரைச் சூட்டுவதாக அறிவித்தார். அஞ்சலி ஒன்று ஒரு முதலமைச்சரின் பெயராகவே நிலைத்துவிட்ட கதை உலகில் அதிகம் இருக்காது.)

மரபை மட்டும் பிடித்துக்கொண்டால் எங்கே போய் நிற்க வேண்டியிருக்கும் என்பதற்கு அயர்லாந்தின் டி வலேராவைப் பார்க்க வேண்டும். 1945 மே 2இல், ஹிட்லர் இறந்த செய்தி வந்ததும், டப்ளினில் இருந்த ஜெர்மன் தூதர் ஹெம்பலை நேரில் போய்ச் சந்தித்து இரங்கல் தெரிவித்தார். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் கொதித்தெழுந்தார்கள். டி வலேராவின் நியாயம் எளியது: அயர்லாந்து போரில் நடுநிலை நாடு, மூன்று வாரம் முன்பு ரூஸ்வெல்ட் இறந்தபோது நாடாளுமன்றத்தையே ஒத்திவைத்தோம், ஜெர்மன் தூதரைப் பார்க்காமல் விட்டால் அந்த நாட்டுக்கும் தூதருக்கும் செய்யும் மன்னிக்க முடியாத அவமரியாதை ஆகும். தர்க்கத்தில் ஓட்டை இல்லை. அதுதான் பயமாக இருக்கிறது. பெர்கன்-பெல்சன் வதைமுகாமைப் பிரிட்டிஷ் படைகள் திறந்து இரண்டு வாரம் கடந்திருந்தது. அங்கிருந்து வந்த படங்களை உலகம் பார்த்துக்கொண்டிருந்தது. தூதரிடம் எதைச் சொல்ல வேண்டும் என்பதில் டி வலேரா தவறவில்லை. தூதரைத் தவிர வேறு யாரெல்லாம் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்பதை அவர் கணக்கில் எடுக்கவில்லை.

இன்னொரு ஆட்சேபம் உண்டு. இரங்கல் அறிக்கை வெறும் சடங்கு, உதவியாளர் எழுதித் தருவது, ஆழ்ந்த இரங்கல், ஈடு செய்ய முடியாத இழப்பு என்று பெயரை மட்டும் மாற்றிப் போடுவது. இதைப் போய் வரிவரியாக ஆராய வேண்டுமா என்பது. தமிழ்நாட்டில் 2007ஐ நினைவில் வைத்திருப்பவர்கள் இதை ஏற்க மாட்டார்கள். அந்த ஆண்டு நவம்பர் 2இல் கிளிநொச்சியில் இலங்கை விமானப்படைத் தாக்குதலில் விடுதலைப் புலிகளின் அரசியல் பிரிவுப் பொறுப்பாளர் சு.ப. தமிழ்ச்செல்வன் கொல்லப்பட்டார். முதலமைச்சர் கருணாநிதி இரங்கற்பா எழுதினார். தடைசெய்யப்பட்ட இயக்கத்தைப் புகழ்ந்த அரசைப் பதவிநீக்க வேண்டும் என்றார் ஜெயலலிதா. தமிழர் ஒருவரின் சாவுக்குத் தமிழர் என்ற முறையில் இரங்கியதாகக் கருணாநிதி விளக்கம் சொல்ல நேர்ந்தது. 1991 ஜனவரியில் புலிகளின் நடமாட்டத்தைக் காரணம் காட்டியே அவருடைய ஆட்சி கலைக்கப்பட்டது என்பதை நினைத்தால், அந்தச் சில வரிகளில் எவ்வளவு ஆபத்து இருந்தது என்பது புரியும். 2009 மே மாதத்திலோ சொல்லாமல் விடுவதே பேச்சாயிற்று. மே 19இல் இலங்கை நாடாளுமன்றத்தில் சில வாக்கியங்கள் தமிழிலும் பேசிப் போர் வெற்றியை அறிவித்த மகிந்த ராஜபக்ச, புலிகளின் தலைவர் பிரபாகரனின் பெயரை எடுக்கவில்லை. இங்கே பழ. நெடுமாறனும் வைகோவும் அந்த மரணத்தையே ஏற்கவில்லை. ஏற்காதபோது வீரவணக்கம் எங்கிருந்து வரும்? வெறும் சடங்குக்காக யாரும் இவ்வளவு கவனமாக வாயை மூடிக்கொள்வதில்லை. வெனிசுவேலாவில் 2013 மார்ச்சில் சாவேஸ் இறந்தபோது, அந்த மக்கள் இனி சுதந்திரமும் ஜனநாயகமும் கொண்ட நல்ல எதிர்காலத்தை அமைத்துக்கொள்வார்கள் என்று நம்புவதாகக் கனடாப் பிரதமர் ஹார்ப்பர் அறிக்கை விட்டதும், அந்த நாடு முறைப்படி கண்டனக் கடிதம் அனுப்பியது. இனி என்ற ஒரு சொல் போதுமாக இருந்தது.

செத்தவரைத் திட்டாதே என்ற பழைய அறம்தான் எல்லாவற்றிலும் வலுவான ஆட்சேபம். பிணத்தின் முன் பகை பேசக் கூடாது என்பது நம் கிராமத்துக்கும் தெரிந்த மரியாதை. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ராஜாஜியை அரசியலில் நெடுங்காலம் எதிர்த்த பெரியார், 1972 டிசம்பரில் அவருடைய தகனத்துக்குச் சக்கர நாற்காலியில் வந்து அழுததை யாரும் குறை சொல்ல மாட்டார்கள். ஆனால் அது ஒரு நண்பரின் துக்கம். ஓர் ஆட்சியாளரின் சாவை அரசே விழாவாக்கும்போது நிலைமை மாறுகிறது. மார்கரெட் தாட்சர் 2013 ஏப்ரல் 8இல் இறந்தார். விடுமுறையில் இருந்த பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஏப்ரல் 10இல் அஞ்சலிக்காகக் கூட்டப்பட்டது. தொழிற்கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் மரியாதையாகத் தன் வேறுபாடுகளைச் சொல்லி அமர்ந்தார். அதே கட்சியின் உறுப்பினரும் ஆஸ்கர் பெற்ற நடிகையுமான கிளெண்டா ஜாக்சன் எழுந்து, தாட்சரிசம் இந்த நாட்டுக்கு இழைத்த சமூக, பொருளாதார, ஆன்மிகச் சேதம் கொடியது என்று தொடங்கி, தன் தொகுதியில் பழுதடைந்த பள்ளிகளையும் கடை வாசல்களில் படுத்துறங்கிய வீடற்றவர்களையும் பற்றிப் பேசினார். ஆளுங்கட்சி வரிசையில் கூச்சல். ஒழுங்குப் பிரச்சினை எழுப்பினார்கள். அவை மரபுக்கு மாறாக எதுவும் நடக்கவில்லை என்று சபாநாயகர் பெர்கோ தீர்ப்பளித்தார். அவர் சரியாகவே தீர்ப்பளித்தார். புகழ்வதற்காக அவையைக் கூட்டலாம் என்றால் மறுப்பதற்கும் அந்த அவைதான் இடம். இங்கே தாக்கரே இறந்தபோது, பத்திரிகைக் கவுன்சில் தலைவராக இருந்த மார்க்கண்டேய கட்ஜு, என்னால் அஞ்சலி செலுத்த முடியாது என்று காரணங்களோடு எழுதினார். அதே நாள்களில் மும்பை அருகே பால்கரில், நகரம் ஏன் முடங்க வேண்டும் என்று ஃபேஸ்புக்கில் கேட்ட பெண் ஒருவரும் அதற்கு விருப்பக்குறி இட்ட பெண் ஒருவரும் கைது செய்யப்பட்டார்கள். இறந்தவரைப் பழிக்காதே என்ற அறம் காவல் நிலையத்தின் துணையோடு வரும்போது அதற்கு அறம் என்ற பெயர் பொருந்தாது.

அப்படியானால் டிரம்பைப்போல் போட்டு உடைப்பதுதான் நேர்மையா? காஸ்ட்ரோவின் பெயரால் நடந்தவையாக அவர் சொன்ன சுட்டுக்கொல்லும் தண்டனைகளும் உரிமை மறுப்பும் நடந்தவைதான். ஆனால் அந்தப் பட்டியலும் ஒரு கூட்டத்தை நோக்கியதே. இரண்டு வாரம் முன்பு புளோரிடாவில் தனக்கு வாக்களித்த கியூப அகதிகள் அதன் வாசகர்கள். கடுமை தன்னளவில் உண்மையாகிவிடாது. ஐரிஷ் குடியரசு ராணுவத்தின் முன்னாள் தளபதியும் பின்னாளில் வட அயர்லாந்தின் துணை முதல்வருமான மார்ட்டின் மெக்கின்னஸ் 2017 மார்ச்சில் இறந்தபோது, அவர் நரகத்தின் சூடான மூலையில் கிடக்கட்டும் என்ற பொருள்படப் பேசினார் தாட்சர் அமைச்சரவையில் இருந்த நார்மன் டெபிட். 1984இல் பிரைட்டன் ஓட்டல் குண்டுவெடிப்பில் அவர் மனைவி முடமானவர். அந்தக் கோபத்தைக் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை. ஆனால் பிரதமர் தெரேசா மே சொன்னதே அரசியல் பொறுப்புள்ள சொல்: அவருடைய ஆரம்பகாலப் பாதையை நான் ஒருபோதும் ஏற்க முடியாது, ஆனாலும் தம் இயக்கத்தை வன்முறையிலிருந்து விலக்கி நடத்தியதில் முடிவில் அவருக்குத் தீர்மானமான பங்கு உண்டு. இரண்டு பாதிகளையும் பெயர் சொல்லிச் சொல்லியிருக்கிறார். மெக்கின்னஸும் தாட்சர் இறந்தபோது ஏறக்குறைய இதையே செய்தவர். அவர் சமாதானம் செய்தவர் அல்ல, ஆனாலும் அந்தச் சாவைக் கொண்டாடாதீர்கள், அது நம் மனத்தை நஞ்சாக்கிவிடக் கூடாது என்று தம் ஆதரவாளர்களிடம் கேட்டுக்கொண்டார்.

சிலி நாட்டில் நடந்தது இந்தக் கேள்வியின் மிகக் கடினமான வடிவம். 1973இல் ஆட்சியைக் கைப்பற்றிய பினோசெ, 2006 டிசம்பர் 10இல், உலக மனித உரிமை நாளில் இறந்தார். அவருடைய ஆட்சியில் கொல்லப்பட்டவர்களும் காணாமல்போனவர்களும் 3,000க்கும் மேற்பட்டோர். அன்று அதிபராக இருந்த மிஷேல் பாஷ்லெட்டின் தந்தை, விமானப்படை ஜெனரல், அந்த ஆட்சியின் சிறையில் 1974இல் இறந்தவர். பாஷ்லெட்டும் அவருடைய தாயும் வில்லா கிரிமால்டி வதைமுகாமில் அடைக்கப்பட்டவர்கள். அவர் வசைபாடவில்லை. முன்னாள் ராணுவத் தளபதி என்ற முறையில் ராணுவ மரியாதையை அனுமதித்தார். முன்னாள் அதிபருக்கான அரசு மரியாதையை மறுத்தார். தான் போகவில்லை, பாதுகாப்பு அமைச்சரை அனுப்பினார். எந்தப் பதவிக்கு எது உரியது என்று பிரித்துக் கொடுத்த அந்த முடிவில் ஆயிரம் அறிக்கைகளின் தெளிவு இருக்கிறது. தாட்சர் ஆழ்ந்த வருத்தம் தெரிவித்தார். வெள்ளை மாளிகையோ, அந்தச் சர்வாதிகாரம் சிலி வரலாற்றின் கடினமான காலங்களில் ஒன்று என்றும், பலியானவர்களையும் அவர்கள் குடும்பங்களையும் இன்று நினைத்துக்கொள்கிறோம் என்றும் சொன்னது. பலியானவர்களை நேராகப் பார்த்துப் பேசிய அரிய அறிக்கை அது. அந்த ஆட்சிக்கு வாஷிங்டன் கொடுத்த ஆதரவைப் பற்றி மட்டும் அதில் பேச்சில்லை. அந்த ஆதரவின் சிற்பி கிசிஞ்சர் 2023 நவம்பர் 29இல் இறந்தபோது சீனா பழைய நண்பர் என்று துக்கப்பட்டது. அமெரிக்காவுக்கான சிலி தூதர் வால்தேஸ், அவருடைய வரலாற்றுப் புத்திசாலித்தனம் அவருடைய ஆழ்ந்த அறக்கேட்டை ஒருபோதும் மறைக்க முடியவில்லை என்று எழுதினார்.

இந்த நுட்பங்களில் பெரும்பாலானவை தமிழ் வாசகருக்கு வந்து சேர்வதில்லை. தலைவர்கள் இரங்கல் என்ற தலைப்பின் கீழ் ஆளுக்கு ஒரு வரி போட்டு, எல்லோரும் ஆழ்ந்த இரங்கல் தெரிவித்தனர் என்று முடித்துவிடுகிறோம். ரயீசி குறித்த அமெரிக்க அறிக்கையின் உயிர் இரண்டாவது வாக்கியத்தில் இருந்தது. நேருவின் சொற்களில் கனமானது கடைசிப் பகுதி. மன்மோகனின் எல்லைக்கோடு தெரிய வேண்டுமானால் எல்லாப் புகழுரைகளையும் சேர்த்துப் படிக்க வேண்டும். ஒரு வரியாக நறுக்கினால் வருந்தியவரும் வருந்தாதவரும் ஒன்றாகிவிடுகிறார்கள், அரசியல்வாதிக்கும் அதுவே வசதி. அடுத்து அப்படி ஒருவர் இறக்கும்போது நம் இதழாசிரியர்கள் நாலைந்து பேரின் அறிக்கைகளையாவது முழுதாக, அடுத்தடுத்து, வெட்டாமல் அச்சிட வேண்டும். அரைப் பக்கம் போதும்.